‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ கடிதத்தில் அப்பா கையெழுத்திடலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் செம்பனைத் தோட்டமொன்றில் 22 ஆண்டுகள் வேலை செய்த என் அப்பாவை ஆட்குறைப்பில் நிறுத்திவிட்டார்கள். 18,000 ரிங்கிட் தருவதாக வந்த ஆங்கிலக் கடிதத்தின் தலையில் ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்றிருக்கிறது. “பாரபட்சமில்லாமல் தருகிறார்கள், கையெழுத்துப் போடலாம்” என்கிறார் கடிதம் எழுதிக் கொடுப்பவர். போடலாமா?

பதில்: இப்போது போட வேண்டாம், சகோதரி. ‘பிரெஜுடிஸ்’ என்பதற்குப் பேச்சு வழக்கில் பாரபட்சம், முன்முடிவு என்ற பொருள் உண்டு. சட்டக் கடிதத்தில் அது உரிமைக்கு நேரும் பாதகத்தைக் குறிக்கும். ஆகவே கடிதத்தின் தலையில் உள்ள சொற்களுக்கு, “சமரசத்துக்காக இத்தொகையைச் சொல்கிறோம், பேச்சு முறிந்தால் இதைக் காட்டி எங்களுக்கு எதிராக வழக்காட முடியாது” என்பதே பொருள். மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது. நீங்கள் எழுதும் பேரம் பேசும் பதிலுக்கும் அதே பாதுகாப்பு உண்டு.

கடிதம் எழுதிக் கொடுப்பவர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். விடுப்பு விண்ணப்பத்துக்கும் இந்தச் சொற்களைத் தலைப்பாக்கிப் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள், பொருள் கேட்டால் அகராதியின் முதல் சொல்லைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுகிறவரிடம் அசல் கடிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

முக்கியமான விதிவிலக்கு இதுதான்: பேச்சு உடன்பாட்டில் முடிந்துவிட்டால் அந்த மறைப்பு விலகிவிடும். என்ன உடன்பாடு என்பதை நிரூபிக்க அதே கடிதங்களை நீதிமன்றத்தில் காட்டலாம் என்று 1981இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வங்கி வழக்கில் கூறியது. அதாவது, அப்பா கையெழுத்திடாத வரை அது வெறும் பேரம். ‘முழுமையான, இறுதித் தீர்வாக ஏற்கிறேன்’ என்ற வரியின் கீழ் அவர் கையெழுத்திட்ட நொடியில், தலைப்பில் என்ன இருந்தாலும், நிறுவனம் தயங்காமல் நீட்டக்கூடிய ஆதாரமாகிவிடும்.

தொகையையும் பாருங்கள். 1980ஆம் ஆண்டின் வேலைநீக்கப் பலன் விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 22 ஆண்டுக்கு 440 நாள். கடைசி 12 மாதச் சராசரியில் நாட்சம்பளம் 70 ரிங்கிட் என்றால் 30,800 ரிங்கிட் வருகிறது. எட்டு வார முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ தனி. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவரிடம் ஆங்கிலக் கடிதத்தை நீட்டுவதை எந்த இலாகாவும் கேட்பதாகத் தெரியவில்லை; கணக்கை நாம்தான் போட வேண்டியிருக்கிறது.

வேலைநீக்கமே நியாயமற்றது என்று கருதினால், 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ், வேலை நீங்கிய 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். நீங்கள் பேசிக்கொண்டிருப்பதால் அந்தக் கெடு நிற்காது. தொகை மட்டுமே சிக்கல் என்றால் தொழிலாளர் இலாகாவுக்குச் செல்லுங்கள். கடிதத்தின் நகலையும் கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள்.