கேட்டை நட்சத்திரமும் சோங்சிங் வெயிலும்

கேள்வி: சோங்சிங் நகரத்தில் இருக்கும் சீன நண்பருக்குக் கடிதம் எழுதுகிறேன். அங்கே வெயில் வாட்டுகிறதாம். அதைச் சீன மொழியில் இலக்கிய நயத்துடன் குறிப்பிட ஒரு தொடர் சொல்வீர்களா?

பதில்: 'இலக்கிய நயத்துடன்' என்கிறீர்களே, வம்பு அங்கேதான் தொடங்குகிறது. பழம்பாடலிலிருந்து ஓரடியை உருவி மேடையில் வீசுகிறவர்களோடு எனக்குள்ள பகை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குப் புதிதல்ல. அந்த இனம் சீனாவிலும் செழித்திருக்கிறது என்பதில் எனக்கோர் அற்ப மகிழ்ச்சி.

சீனத்தின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பான ஷிஜிங்கில் 'ச்சீ யுவே லியூ ஹுவோ' என்றோர் அடி உண்டு. 'ஏழாம் மாதம் தீ சரிகிறது' என்பது பொருள். ஜூலை வெயிலைப் பற்றி எழுத உட்காருகிற செய்தியாளர் இதை விடுவாரா? தலைப்பிலேயே ஏற்றிவிடுகிறார். பாட்டில் வருவதோ பழைய பஞ்சாங்கத்தின் ஏழாம் மாதம். தீ என்பது நாம் கேட்டை என்றழைக்கும் சிவந்த விண்மீன். அது மேற்கே சரிந்தால் வெக்கை தணியப்போகிறது என்று அர்த்தம். அடுத்த அடியே, ஒன்பதாம் மாதத்தில் குளிருக்கு உடை வழங்குவதைப் பேசுகிறது. 2005 ஜூலையில் தைவானிலிருந்து வந்த அரசியல் தலைவர் ஒருவரை வரவேற்ற பெய்ஜிங் மக்கள் பல்கலைக்கழகத்தின் தலைவர், இந்த அடியைச் சொல்லி, வெம்மை வானிலைக்கு மட்டுமா உரியது என்று நயம் கூட்டப்போய், ஊர் வாயில் விழுந்தார். எல்லாரும் இப்படித்தானே எழுதுகிறார்கள் என்று அவருக்காக வாதாடியவர்களும் உண்டு. எல்லாரும் செய்வது சரியாகிவிடுமானால், பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துபவருக்கு எதற்குச் சம்பளம்?

ஊரார் சொல்வதையே எழுதுங்கள். கோடையின் மிக நீண்ட பகலுக்குப் பின், பத்து நாளுக்கொருமுறை சுழன்று வரும் 'கெங்' நாளில் மூன்றாவதை எண்ணித் தொடங்குவது 'சான்ஃபூ', அதாவது மூன்று 'ஃபூ'க்களாகப் பிரித்த உச்ச வெயில்காலம். ஜூலை நடுவில் பிறந்து, ஆண்டுக்கேற்ப 30 அல்லது 40 நாள் காயும். வடக்கே முதல் ஃபூவுக்கு ஜியாவ்ஸு என்னும் கொழுக்கட்டை, இரண்டாவதுக்கு நூடுல்ஸ் என்று சாப்பாட்டுக் கணக்கும் வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 7 அல்லது 8-இல் பஞ்சாங்கப்படி இலையுதிர்காலம் பிறந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் வெயில் திரும்பி வந்து பாய்ந்தால் அதற்குப் பெயர் 'இலையுதிர்காலப் புலி'. ஆகையால் எழுதுமுன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலையிலேயே புலியை அவிழ்த்துவிட வேண்டாம்.

ஆனால் உங்கள் நண்பர் இருப்பதோ, வூஹான், நான்ஜிங் இரண்டோடும் சேர்த்துச் சீனர்கள் 'உலை' என்றே அழைத்துவந்த ஊர். அதன் பெய்பெய் பகுதி 2022 ஆகஸ்ட் 18 அன்று 45 டிகிரி செல்சியஸ் கண்டது. அவருக்கு வெயிலை நீங்கள் வர்ணிக்க வேண்டுமா? 'ரெ ஸு லெ', அதாவது வெயிலில் செத்தேன் என்று அவரே சொல்லிக்கொள்வார். வீட்டில் ஏசி ஓடுகிறதா என்று மட்டும் விசாரித்து எழுதுங்கள்.