விலங்கு வீடியோ பார்த்துக் குழந்தை கற்றுக்கொள்கிறதா?

கேள்வி: என் மகளுக்கு 16 மாதம் ஆகிறது. நாமக்கல் அருகே மாமியாருடன் வசிக்கிறேன். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். விலங்குகளின் பெயரையும் ஒலியையும் சொல்லித்தரும் வீடியோக்களை எட்டாம் மாதத்திலிருந்தே போனில் காட்டி வருகிறேன். சிங்கம், யானை, பசு எல்லாவற்றையும் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள் என்று நம்புகிறேன். "படிப்புதானே, நல்லது" என்கிறார் கணவர். மாமியாரோ போனை எடுத்தாலே கோபப்படுகிறார். போன வாரம் எதிர்வீட்டுப் பசுவின் அருகே தூக்கிச் சென்று "இது என்ன?" என்று கேட்டேன், விழித்தாள். போனில் பசு வந்தால் மட்டும் "மா" என்கிறாள். வீடியோ இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்குவதில்லை. இவள் உண்மையில் கற்றுக்கொள்கிறாளா? வீடியோவை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது எதிர்வீட்டுப் பசுவைப் பற்றிய வரியைத்தான். போனில் வரும் பசுவுக்கு "மா" என்று சொல்லும் குழந்தை, கண்ணெதிரே நிற்கும் பசுவைக் கண்டு விழிப்பது மந்தத்தின் அடையாளம் அன்று. இந்த வயதில் அது இயல்பே. விரல் அளவே இருந்த ஒன்று, ஒவ்வொரு முறையும் அதே பாட்டோடும் அதே வண்ணத்தோடும் தோன்றிய ஒன்று, இப்போது அவளைவிடப் பல மடங்கு பெரிதாக, சாணமும் வைக்கோலும் மணக்க, மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறது. இரண்டும் ஒன்றே என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே உங்கள் மகள் எதையுமே கற்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வீடியோவில் எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பதைக் கற்றிருக்கிறாள். பசுவை இன்னும் கற்கவில்லை.

படம் என்பது வேறொன்றைக் குறிக்கும் அடையாளம் என்னும் புரிதல் மனிதருக்குப் பிறவியிலேயே வருவதன்று. உளவியலாளர் ஜூடி டிலோச் தம் குழுவினரோடு 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் புத்தகத்தில் அச்சிட்டிருந்த பொருளைக் கையால் பற்றி எடுக்கவே முயன்றன. ஏறத்தாழ 19 மாதத்தில்தான் பற்றுவதை விட்டுவிட்டுச் சுட்டிக்காட்டத் தொடங்கின. உங்கள் மகள் அந்த இடைவழியில் இருக்கிறாள். திரையில் கண்டதை நேரில் உள்ளதோடு பொருத்துவது இந்த வயதில் கடினம். மூன்று வயதை நெருங்கும்போதுதான் அந்தக் கடினம் வெகுவாகக் குறைகிறது. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பெட்ரீசியா குல் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் ஒருவர் நேரில் அமர்ந்து சீன மொழியில் பேசி விளையாடியபோது அவை அம்மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டன; அதே பேச்சு திரை வழியாக வந்தபோது எதுவும் பதியவில்லை.

அப்படியானால் "வீடியோ பார்த்துத்தான் கற்றாள்" என்று இத்தனை பெற்றோர் உறுதியாகச் சொல்வது ஏன்? நீங்கள் பொய் சொல்லவில்லை. மாற்றத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் சொற்கள் எப்படியும் பெருகும். அந்தப் பெருக்கம் நிகழும் மாதங்களில் எது தினமும் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கிறதோ, அதற்கே புகழ் போய்ச் சேர்கிறது. டிலோச் குழுவினர் 2010-இல் இதையே நேரடியாகச் சோதித்தார்கள். 12 முதல் 18 மாதக் குழந்தைகளில் சிலருக்குச் சொல் கற்பிக்கும் புகழ்பெற்ற வீடியோ ஒன்றை நான்கு வாரம் காட்டினார்கள். சிலர் பெற்றோருடன் சேர்ந்து பார்த்தார்கள், சிலர் தனியே பார்த்தார்கள். இன்னொரு பிரிவில் வீடியோவே இல்லை. அதே சொற்களைப் பெற்றோர் அன்றாட வேலைக்கு நடுவே தாங்களே சொல்லிக்கொடுத்தார்கள். கடைசிப் பிரிவுக்கு எதுவுமே தரப்படவில்லை. வீடியோ பார்த்த இரு பிரிவினரும் எதுவும் பெறாத குழந்தைகளைவிட அதிகமாகக் கற்கவில்லை. பெற்றோர் வாயால் கேட்ட குழந்தைகளே முன்னே நின்றார்கள். அந்த வீடியோவை மிகவும் விரும்பிய பெற்றோர்தாம் தங்கள் குழந்தை கற்றதை மிகைப்படுத்தி மதிப்பிட்டார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் அக்கறையில் குறையில்லை, அளவுகோலில்தான் குறை.

இதைப் படித்து நீங்கள் அஞ்சிவிடவும் கூடாது. குழந்தை வீடியோ பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இத்தனை சொற்கள் குறைந்துவிடும் என்று 2007-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றை வைத்துச் செய்திகள் பரவுகின்றன. அது பெற்றோரைத் தொலைபேசியில் கேட்டு எழுதியது. குறைவுக்கு வீடியோவே காரணம் என்று அதனால் நிறுவ முடியாது. அதே தரவுகளை வேறு ஆய்வாளர்கள் மறுபடியும் ஆராய்ந்து 2014-இல் அந்த முடிவை ஏற்க மறுத்தார்கள். இதுவரை காட்டியதால் உங்கள் மகள் கெட்டுவிடவில்லை. என் கவலை வேறு: அவள் போனைப் பார்த்திருக்கும் நேரத்தில் நீங்களும் பேசுவதில்லை, அவளும் பேசுவதில்லை.

மருத்துவ அமைப்புகளின் வரம்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், ஒரு வயதுக் குழந்தைக்கும் பரிந்துரைக்க இயலாது, இரண்டு வயதுக்குப் பின் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்பைத் தவிர இரண்டு வயது வரை திரையைத் தவிர்க்குமாறு இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கமும் கூறுகிறது. ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: ஆம், அன்றாட வழக்கமாக இருப்பதை நிறுத்திவிடுங்கள். இந்த வழக்கில் உங்கள் மாமியார் பக்கமே நியாயம் இருக்கிறது. அவரது கோபத்தைவிட, குழந்தையோடு பேச அவர் வீட்டிலேயே துணையாக இருப்பது உங்களுக்கு அதிகம் உதவும்.

அந்தத் துணையைப் பயன்படுத்துங்கள். நாளை காலை பசுவிடம் மறுபடியும் போங்கள், "இது என்ன?" என்று தேர்வு வைக்காதீர்கள். அவள் கண் எங்கே போகிறதோ அங்கேயே உங்கள் சொல்லும் போகட்டும். வாலைப் பார்த்தால் "பசு வால ஆட்டுது", அது கத்தினால் "பசு 'மா'ன்னு கத்துது", புல்லை நீட்டினால் "பசு புல்லு தின்னுது" என்று வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் சில நொடி காத்திருங்கள். அவள் ஏதேனும் ஓர் ஒலி எழுப்பினால் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு மேலும் பேசுங்கள். குழந்தை எழுப்பும் ஒலிக்கு உடனே மறுமொழி தருவது எந்த வீடியோவாலும் இயலாத காரியம்; மொழி வளர்வதும் அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். சிங்கத்தையும் வரிக்குதிரையையும் அவள் இப்போதே அறிந்திருக்க வேண்டியதில்லை. காக்கை, கோழி, பூனை, ஆடு, பல்லி, எறும்பு ஆகிய ஆறும் உங்கள் வாசலிலேயே இருக்கின்றன. எறும்பு சிறியது, பசு பெரியது என்னும் அளவுணர்வுகூடப் போனில் கிடைக்காது. அங்கே யானையும் எறும்பும் ஒரே உயரம்.

சோற்று வேளைதான் கடினமானது. திரையில் லயித்திருக்கும் குழந்தை எத்தனை வாய் விழுங்கியது, வயிறு நிறைந்ததா என்பதைக் கவனிப்பதில்லை. கிண்ணம் காலியாவது தாய்க்கு ஆறுதலாக இருக்கிறதே தவிர, பசியையும் நிறைவையும் அறியும் பழக்கம் குழந்தைக்கு வராமல் போகிறது. ஒரே நாளில் மூன்று வேளையையும் மாற்ற முயன்று தோற்காதீர்கள். மாலை வேளை ஒன்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேளையில் போன் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது; பாட்டி திண்ணையில் உட்கார்ந்து காக்கைக்கு ஒரு வாய், குழந்தைக்கு ஒரு வாய் என்று ஊட்டட்டும்; கொஞ்சம் சோற்றை அவள் கையிலும் கொடுங்கள். சில நாள் அழுவாள், குறைவாகவும் உண்பாள். நல்ல உடல்நலத்தோடு இருக்கும் குழந்தைக்கு ஓரிரு வேளை குறைவதால் தீங்கில்லை. அந்த வேளை பழகிய பிறகு அடுத்ததை மாற்றுங்கள்.

இரண்டு வயதுக்குப் பின் காட்ட நினைத்தால், உண்மையான விலங்கு தன் இயல்பான இடத்தில், தன் சொந்த ஒலியோடு, காட்சி படபடவென்று மாறாமல் வரும் வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். சாயத் தொட்டிக்குள் விழுந்து சிங்கம் நீலமாக எழுவதும், பசு சட்டை அணிந்து ஆடுவதும் விலங்கைப் பற்றி எதையும் கற்பிப்பதில்லை. அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். பார்த்த அன்றே அந்த விலங்கை நேரிலோ, பொம்மையிலோ, படப் புத்தகத்திலோ மீண்டும் காட்டிப் பேசுங்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகும் திட்டம் இருந்தால், அதற்கு முந்தைய நாள் ஒரு யானை வீடியோ காட்டுவதில் பொருள் உண்டு.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெயர் சொல்லி அழைத்தால் அவள் திரும்புகிறாளா, வேண்டியதை விரலால் சுட்டுகிறாளா, வியப்பான ஒன்றைக் கண்டால் உங்களுக்கும் காட்ட முனைகிறாளா என்று பாருங்கள். இவற்றில் ஐயம் இருந்தாலோ, வீடியோவுக்கு வெளியே பொருளுள்ள சொல் ஒன்றும் வராவிட்டாலோ, "போனை நிறுத்தினால் சரியாகும்" என்று காத்திருக்காமல் குழந்தைநல மருத்துவரிடம் செவித்திறனையும் வளர்ச்சியையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனை வழியாகச் சென்றால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் இந்தப் பரிசோதனைகள் கட்டணமின்றிக் கிடைக்கும்.

இனி, மஸ்கட்டில் இருக்கும் கணவருக்கு: அவரையே திரையில் வரச் சொல்லுங்கள். இரண்டு வயதைக் கடந்த குழந்தைகள் நேரலை அழைப்பில் பேசுபவரிடமிருந்து புதிய வினைச்சொற்களைக் கற்றன என்றும், பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை என்றும் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அழைப்பில் இருப்பவர் குழந்தையின் முகத்துக்கும் ஒலிக்கும் ஏற்ப மறுமொழி தருவதே வேறுபாடு. உங்கள் மகள் அந்த வயதை இன்னும் எட்டவில்லை என்றாலும், அப்பாவின் முகத்தையும் குரலையும் அவள் இப்போதிருந்தே பழகிக்கொள்ளலாம். அங்கே அவர் ஒரு பசுப் பொம்மை வாங்கி வைத்துக்கொள்ளட்டும்; இங்கே அதே போன்ற ஒன்றை நீங்கள் அவள் கையில் கொடுங்கள். அவர் "மா" என்று கத்தி, அவள் பெயரைச் சொல்லி அழைத்து, அவள் பதில் ஒலிக்காகக் காத்திருக்கட்டும். பேசி முடித்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய் "அப்பா சொன்ன பசு இதுதான்" என்று காட்டுங்கள்.