சின்ன ஊரில் பத்திரிகை நடத்தியவர் யாராவது நாட்டின் தலைமைப் பதவி வரை போயிருக்கிறார்களா?

போயிருக்கிறார், அமெரிக்காவின் வாரன் ஹார்டிங். அவர் பேச்சு வந்தாலே எல்லோரும் டீபாட் டோம் எண்ணெய் வயல் ஊழலில்தான் ஆரம்பிப்பார்கள். என் அப்பா ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், அதனால் எனக்கு ஹார்டிங்கின் அச்சகத்திலிருந்துதான் ஆரம்பிக்கத் தோன்றுகிறது.

1884ல் ஒஹாயோ மாநிலத்து மேரியன் ஊரில், நொடித்துக் கிடந்த 'மேரியன் ஸ்டார்' நாளிதழை இரண்டு நண்பர்களோடு சேர்ந்து 300 டாலருக்கு வாங்கினார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. நண்பர்கள் சீக்கிரமே விலகிக்கொண்டார்கள். 1891ல் ஃப்ளாரன்ஸுடன் கல்யாணம். பத்திரிகையைத் தூக்கி நிறுத்தியதில் பெரும்பங்கு இந்த அம்மாவுடையது என்பேன். கணவர் உடம்பு முடியாமல் இருந்தபோது நாலைந்து நாள் உதவிவிட்டு வரலாம் என்று அலுவலகத்துக்குப் போனவர், பதினாலு வருஷம் அங்கேயே இருந்துவிட்டார். விற்பனை, பேப்பர் போடும் பையன்கள் எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பையன்களில் ஒருவர்தான் பின்னாளில் சோஷலிஸ்ட் கட்சிக்காக ஆறு முறை அதிபர் தேர்தலில் நின்ற நார்மன் தாமஸ்.

நிருபர்களுக்கு ஹார்டிங் சொல்லிவைத்தது இதுதான்: எந்த விஷயத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு, இரண்டையும் கேள், தேவையில்லாமல் யார் மனசையும் நோகடிக்காதே. சின்ன ஊரில் யாரைப் பற்றி எழுதினோமோ அவரையே சாயங்காலம் கடைத்தெருவில் பார்க்க வேண்டுமே! இந்தப் பழக்கம் அரசியலில் கைகொடுத்தது. மாநில செனட் (சட்டமன்ற மேலவை), துணை ஆளுநர், 1910ல் ஆளுநர் தேர்தலில் தோல்வி, 1914ல் நாட்டின் செனட். 1920 அதிபர் தேர்தலில் பெரும்பாலும் தன் வீட்டுத் திண்ணையில் நின்றே பேசினார், ஜனங்கள் ரயிலேறி வந்து கேட்டார்கள். எதிர்த்து நின்ற ஜேம்ஸ் காக்ஸும் ஒஹாயோ பத்திரிகை முதலாளிதான். ஹார்டிங்குக்குச் சுமார் 60 சதவீத வாக்கு.

ஆனால் அதே குணம்தான் வெள்ளை மாளிகையில் அவரைக் கவிழ்த்தது என்று நினைக்கிறேன். வேண்டியவர்களிடம் முடியாது என்று சொல்ல வரவில்லை. அவர் நம்பி அமைச்சர் பதவி கொடுத்த ஆல்பர்ட் ஃபால்தான் அந்த டீபாட் டோம் எண்ணெய் வயல் குத்தகையில் லஞ்சம் வாங்கி, பின்னால் சிறைக்கே போனார். அப்புறம் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறையில் இருந்த சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸை முந்தைய அதிபர் வில்சன் விட மறுத்தார், ஹார்டிங் 1921 கிறிஸ்துமஸுக்கு விடுவித்து, நேரில் அழைத்தும் பேசினார்.

300 டாலருக்கு வாங்கிய பத்திரிகையை 1923ல் ஐந்தரை லட்சம் டாலருக்கு விற்றார், பதவி முடிந்ததும் அதிலேயே எழுதுவதாக ஏற்பாடு. ஆகஸ்ட் 2ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் இறந்துபோனார்.