அண்ணன் திட்டம் போட்டான், அக்கா பிழை பிடித்தாள்: குற்றமும் சிரிப்பும் பற்றிக் கேள்வி பதில்

சகோதரர்கள் சேர்ந்து ஒரு குற்றம் செய்யப் போய் அது பிழையாய்ப் போகிற டார்க் காமெடிப் படங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டவர்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பெடியள்தான் கூட. பாதிப்பேர் பார்க்கிறவர்கள், மற்றவர்கள் எடுக்க நினைக்கிறவர்கள். நான் கலியாண வீடியோ எடிட் பண்ணிப் பிழைக்கிறவன், இடையில் குறும்படங்களுக்குக் கதை திருத்திக் கொடுப்பேன். சில படங்களின் முடிவைச் சொல்லாமல் விளக்க ஏலாது, பார்க்காதவர்கள் கோபிக்க வேண்டாம்.

வவுனியாவிலிருந்து ஒரு தம்பி: அண்ணை, சாதாரண பகிடிப் படத்துக்கும் டார்க் காமெடிக்கும் என்ன வித்தியாசம்? ஆட்கள் செத்தால் டார்க், சாகாவிட்டால் சாதாரணமா?

கதையில் இருக்கிறவருக்குத் தான் சிரிப்புப் படத்துக்குள் நிற்பது தெரியக் கூடாது தம்பி. செத்தவீட்டில் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒப்பாரி, வெளியே பந்தலுக்குள் விடிய விடிய காட்ஸ், நடுவில் மேளத்துக்கு யார் காசு கொடுக்கிறது என்று மூத்தவருக்கும் இளையவருக்கும் இழுபறி. அங்கே யாரும் பகிடி விடவில்லை, எல்லாரும் சீரியசாகத்தான் நிற்கிறார்கள், ஆனால் தள்ளி நின்று பார்க்கிறவனுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

கோயன் சகோதரர்களின் 'ஃபார்கோ' (1996) படத்தில் ஒரு கார் விற்பனையாளன், மாமனாரிடம் காசு கறக்கத் தன் மனைவியையே ஆள் வைத்துக் கடத்துகிறான். இடையில் மாமனார் அவனுடைய வியாபாரத் திட்டமொன்றைத் தட்டிப் பறித்துவிட, வெளியே வந்து கார் கண்ணாடியில் உறைந்திருக்கும் பனியைச் சுரண்டத் தொடங்குகிறான். திடீரென்று வெறி பிடித்து அடி அடியென்று அடித்து, சுரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, கொஞ்சம் நின்று, பிறகு அதையே எடுத்துத் திரும்பவும் சுரண்டுகிறான். வசனமே இல்லை. நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற காட்சி அது. ஒரு மனிதன் உடைந்துபோகிறான், ஆனாலும் கார் எடுக்க வேண்டுமென்றால் பனியைச் சுரண்டித்தானே ஆக வேண்டும்.

விசுவமடுவிலிருந்து ஒருவர்: ஏன் சகோதரர்கள்? நண்பர்களை வைத்து எடுத்தால் என்ன குறை?

நண்பர்கள் சண்டை பிடித்தால் பிரிந்து போய்விடலாம், கதை முடிந்தது. அண்ணனோடு பேச்சு வார்த்தை இல்லாவிட்டாலும் அம்மாவின் ஆட்டத்திவசத்துக்கு ஒரே பந்தியில் இருக்கத்தான் வேண்டும். அதோடு வீட்டில் சின்ன வயதில் யாருக்கு என்ன பட்டம் கிடைத்ததோ அது போகாது. ஐம்பது வயதிலும் மூத்தவர்தான் வாகனம் ஓட்டுவார், ஓடத் தெரியாவிட்டாலும் அவர்தான் ஓட்டுவார். களவெடுக்கப் போகிற இடத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து வேறென்ன?

1998 இல் வந்த 'எ சிம்பிள் பிளான்' பாருங்கள். பனிக்காட்டில் விழுந்து கிடக்கும் ஒரு சிறு விமானம், அதற்குள் 44 லட்சம் டொலர் காசு, கண்டெடுப்பது அண்ணன் தம்பியும் ஒரு கூட்டாளியும். அது சிரிப்புப் படம் இல்லை, ஆனால் எழுதப் பழகுகிறவனுக்குப் பாடம். தம்பி படித்தவன், அண்ணன் படிக்காதவன். அப்பாவின் பண்ணை கடனில் போனதற்குக் காரணம் தம்பியின் படிப்புச் செலவு என்று பாதிப் படத்தில் அண்ணன் சொல்கிறான். காணியை ஈடு வைத்து ஒரு பிள்ளையை மட்டும் படிப்பித்த வீடுகள் நம்மிடம் எத்தனை? அந்த வசனத்துக்குப் பிறகு அவர்கள் காசுக்காகச் சண்டை பிடிக்கவில்லை, பழைய கணக்கைத்தான் தீர்க்கிறார்கள். உங்கள் கதையிலும் குற்றம் பிழையாய்ப் போகிற காரணம் பொலிஸ் புத்திசாலி என்பதாக இருக்கக் கூடாது. வீட்டுக்குள் என்றோ நடந்த ஒன்றாக இருக்க வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு குறும்படப் பெடியன்: வங்கிக் கொள்ளை ஒன்று யோசித்து வைத்திருக்கிறோம் அண்ணை. மூன்று சகோதரர்கள், முகமூடி, துவக்கு. வன்னியில் வைத்து எடுக்கலாமா?

வங்கியை விடுங்கள். முகமூடி போட்டாலும் கசியருக்கு உங்கள் நடையைப் பார்த்தே யாருடைய மகன் என்று தெரிந்துவிடும். (அதை வேண்டுமானால் ஒரு காட்சியாக வையுங்கள், நல்லாயிருக்கும்.)

இந்த மண்ணுக்கென்றே ஒரு குற்றம் இருக்கிறது: புதையல். இயக்கம் (விடுதலைப் புலிகள்) தங்கம் புதைத்து வைத்த இடம் தெரியும் என்று யாராவது ஒருவர் சொல்லாத ஊர் உண்டா? நீதிமன்ற அனுமதி எடுத்து, பொலிஸ், படையினர், கிராம சேவையாளர் எல்லாரும் நிற்க, பெக்கோ வந்து கிண்டி, ஊரே மதிலில் ஏறி நின்று பார்த்து, கடைசியில் தண்ணீர் ஊறி, ஒன்றும் இல்லை என்று மூடிவிட்டுப் போகிற செய்தியை எத்தனை தரம் வாசித்திருக்கிறோம். அதையே அனுமதி இல்லாமல் இரவில் செய்யப் போகிற ஒரு அண்ணன், அக்கா, தம்பியை யோசியுங்கள்.

அம்மாவின் வளவில், பழைய கக்கூசுக்குப் பின்னால் ஒரு பரல் (பீப்பாய்) தாட்டிருக்கு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வளவு அக்காவுக்குச் சீதனமாக எழுதினது. அப்படியென்றால் தங்கம் யாருக்கு? அக்கா சொல்கிறாள், காணி என்னுடையது, கீழே உள்ளதும் என்னுடையது. அண்ணன் சொல்கிறான், நான் வெளிநாடு போகாமல் நின்றதால்தான் இந்தக் காணி தப்பியது. தம்பி மட்டும்தான் கிண்டுகிறான், ஆனால் அவனுக்கு எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. அலவாங்கு நிலத்தில் படுவதற்கு முன்பே பங்குச் சண்டை தொடங்கிவிட்டது, சத்தத்துக்கு அயல் எழும்பிவிட்டது. பத்து நிமிடப் படம் இதிலேயே முடிந்துவிடும். குழிக்குள் என்ன இருக்கிறது என்று காட்டவே தேவையில்லை.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி: இந்த மண்ணில் இவ்வளவு சாவைப் பார்த்த பிறகு பிணத்தை வைத்துச் சிரிக்கலாமா? அம்மா பார்த்தால் எழும்பிப் போய்விடுவா.

இந்தக் கேள்விக்காகவே இதையெல்லாம் எழுதலாம். 2019 இல் வந்த 'புளோ த மேன் டவுன்' என்ற அமெரிக்கப் படத்தில், அம்மாவைப் புதைத்த கையோடு அக்காவும் தங்கையும் ஒரு ஆளின் உடலை மீன் வைக்கிற பெட்டிக்குள் அடைத்துக் கடலில் விடுகிறார்கள். அங்கே அது சிரிப்பு, ஏனென்றால் அந்த ஊரில் பிணம் என்பது அபூர்வமான சாமான். பெட்டிக்குள் ஆள் கொள்ளவில்லை என்பதுதான் அவர்களின் பிரச்சினை.

இங்கே அப்படி இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி அம்மாமார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் வருடக்கணக்காக நீண்டது, பதில் கிடைக்காமலே அதில் பலர் கண்மூடிவிட்டார்கள். 2023 இல் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் தாட்கக் கிண்டியபோதுதான் மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. ஆகவே, நம் திரையில் ஒருவன் இரவில் குழி கிண்டி, அலவாங்கில் எலும்பு தட்டுப்பட்டால் அந்த நொடியோடு படம் வேறு படம். நீங்கள் என்ன பகிடி எழுதியிருந்தாலும் செல்லாது, செல்லவும் கூடாது.

என்னைக் கேட்டால் குழிக்குள் உடல் வேண்டாம். ஒரு சொப்பிங் பையோ துருப்பிடித்த பரலோ போதும். ஆனால் உயிரோடு இருக்கிறவர்களின் பேராசை, பொறாமை, கௌரவம் இதையெல்லாம் விட்டுவைக்கத் தேவையில்லை. நம் அம்மாமார் அழுகிறவர்கள் மட்டும்தான் என்று வெளியில் இருந்து வருகிறவர்கள் படமெடுப்பார்கள். உன்னுடைய அம்மா பக்கத்து வீட்டுக்காரியை ஒரே சொல்லில் கவிழ்க்கிறதை நீ கேட்டதில்லையா? அந்த அம்மாவைப் படத்தில் வை. அவ எழும்பிப் போக மாட்டா.

அவரே பிறகு கேட்டது: அப்படியென்றால் யாருமே சாகாமல் அது எப்படி டார்க் ஆகும்?

திரும்ப எடுக்க முடியாத ஒன்று போக வேண்டும், அவ்வளவுதான். இப்படி யோசித்துப் பார். புதையல் என்று நினைத்து மூன்று பேரும் இரவில் கிண்டினது வாய்க்கால் அணைக்கட்டு. விடியுமுன் உடைத்துக்கொண்டு பாய்கிறது. சிறுபோகம், இரணைமடுக் குளத்துத் தண்ணீரை முறை வைத்து விடுகிற நேரம். கீழ்ப்பக்கத்துக் கமக்காரனுடைய வயலும் போய், இவர்களுடைய சித்தப்பாவின் வயலும் போய்விட்டது. காலையில் கமக்காரர் அமைப்புக் கூட்டம், எவன் உடைத்தவன் என்று. அண்ணன்தான் பொருளாளர். எழும்பி நின்று குற்றவாளியைப் பிடிக்க வேண்டும் என்று பேசுகிறார், காலில் இன்னும் சேறு காயவில்லை. ஒரு உயிரும் போகவில்லை, ஆனால் வன்னியில் தியேட்டர் முழுக்க 'ஐயோ' என்று சொல்லிவிட்டுத்தான் சிரிக்கும்.

மாங்குளத்திலிருந்து ஒருவர்: துரத்தல் காட்சி வைக்க ஆசை. ஏ9 நேர் ரோட்டில் என்ன சுவாரசியம் வரும்?

முறிகண்டிப் பிள்ளையார் கோயில் வரும்! சாமானோடு ஒரு வான் வண்டியில் தப்பி ஓடுகிறார்கள், பின்னால் பொலிஸ். பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டினால் விளங்காது என்று அண்ணன் பிரேக் அடிக்கிறான். தம்பி கத்துகிறான். அக்கா அந்த நேரத்திலும் கச்சான் விலை கேட்கிறாள். இவர்கள் கற்பூரம் கொளுத்தித் திரும்பினால் பக்கத்தில் பொலிஸ் டிரைவரும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்து, கும்பிட்டு முடியும் வரை யாரும் அசையவில்லை. வேகமாக ஓடுகிற வாகனத்தை எடுக்க உங்களுக்கு வசதி இல்லை என்று தெரியும், அதனால்தான் நிற்கிற வாகனத்தைச் சொல்கிறேன்.

தருமபுரத்திலிருந்து ஒரு ஆசிரியர்: பிள்ளைகள் எழுதும் வசனமெல்லாம் சென்னை ரவுடி கதைக்கிற மாதிரியே வருகிறது. என்ன செய்யலாம்?

வீட்டில் சண்டை நடக்கும்போது போனில் ரெக்கோர்ட் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள் சேர். உண்மையில் யாரும் விஷயத்தைப் பற்றிக் கதைப்பதில்லை. இப்படி:

"உவன் சின்னனிலையே இப்பிடித்தான். பென்சில் களவெடுத்தாலும் வீட்ட வாறதுக்கு முன்னம் துலைச்சிடுவான்."

"அக்கா, பொலிஸ் ஜீப் சந்தியில நிக்குது. இப்பவோ பென்சில் கதை?"

"அது என்ர பென்சில்."

மூன்று வரிதான். யார் யாரை எத்தனை வருடமாக மன்னிக்கவில்லை என்று தெரிந்துவிட்டது.

முள்ளியவளையிலிருந்து ஒருவர்: இரவுக் காட்சியைப் போனில் எடுத்தால் எல்லாம் புள்ளி புள்ளியாக வருகிறது.

நடு இரவில் எடுக்காதீர்கள். மம்மல் பொழுதில் (வெளிச்சம் மங்குகிற அந்தி நேரம்) எடுத்து எடிட்டிங்கில் இருட்டாக்குங்கள், வானத்தை பிரேமுக்குள் விடாதீர்கள். முகத்துக்கு மோட்டார் சைக்கிள் லைட்டை ஒரு வெள்ளைத் துணியில் அடித்துத் திருப்பினால் போதும். குரலுக்கு இன்னொரு போனை நடிகரின் சட்டைப் பைக்குள் போட்டு ரெக்கோர்ட் பண்ணுங்கள்.

இதைவிட முக்கியம், கிராம சேவையாளருக்கும் பொலிசுக்கும் முதலே சொல்லிவிட்டுப் போங்கள். இரவில் நாலு பேர் மண்வெட்டியோடு நின்றால் இந்தப் பக்கத்தில் யாரும் குறும்படம் என்று நினைக்க மாட்டார்கள். கிண்டுகிற காட்சியை ஏற்கெனவே உழுத தோட்டக் காணியில் மட்டும் வையுங்கள். காட்டுக்கரை, விட்டுப்போன வளவு, மிதிவெடிப் பலகை நின்ற இடம் எதுவும் வேண்டாம், எவ்வளவு வடிவான லொக்கேஷனாக இருந்தாலும்.

பலர் கேட்டது: எந்தப் படங்களைப் பார்க்க வேண்டும்?

மேலே சொன்னவை போக, பழையதில் 'ஆர்சனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' (1944). இரண்டு வயதான சகோதரிகள், தனித்துப்போன கிழவர்களுக்குப் புண்ணியம் என்று நினைத்து வைனில் நஞ்சு கலந்து கொடுக்கிறார்கள், தன்னை அமெரிக்க ஜனாதிபதி என்று நம்புகிற, அவர்களுடைய சகோதரனின் மகன் நிலவறையில் பனாமாக் கால்வாய் வெட்டுவதாகக் குழி வெட்டித் தருகிறான். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் ஒத்துப்போனால் எதுவும் நியாயமாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல படம் இல்லை. தமிழில் 'கோலமாவு கோகிலா' (2018), அம்மாவின் வைத்தியச் செலவுக்காகப் போதைப்பொருள் கடத்தப் போய் வீடே உள்ளே இழுபடும் கதை. இரண்டாம் பாதி எனக்குக் கொஞ்சம் நீளம். கொரியப் படம் 'பாரசைட்' எல்லாரும் பார்த்திருப்பீர்கள். திரும்பப் பார்க்கும்போது வெள்ளம் ஏறும் இடத்தில், பொங்கி அடிக்கிற கக்கூஸ் மூடியின் மேல் குந்தியிருந்து சிகரெட் பற்றவைக்கிற தங்கச்சியைக் கவனியுங்கள். 'பிஃபோர் த டெவில் நோஸ் யூ ஆர் டெட்' (2007) சிரிப்பே இல்லாதது. பெற்றோரின் நகைக்கடையையே கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிற அண்ணன் தம்பி, இன்சூரன்ஸ் இருக்கிறது, யாருக்கும் நட்டமில்லை என்று கணக்கு. அன்றைக்குக் கடையில் நின்றது அம்மா.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர்: கடைசியில் பிடிபட வேண்டுமா, தப்ப வேண்டுமா?

இரண்டும் சப்பென்று இருக்கும். காசு என்ன ஆகிறது என்று பாருங்கள். 'ஃபார்கோ'வில் அது பனிக்குள் புதைந்து கிடக்கிறது, இடம் தெரிந்த ஒரே ஆள் செத்துப்போனான். 'எ சிம்பிள் பிளா'னில் நோட்டு இலக்கங்கள் குறித்து வைக்கப்பட்டிருந்ததால் அத்தனையையும் அடுப்பில் போட்டு எரிக்க வேண்டி வருகிறது. உங்கள் மூன்று பேரும் பிடிபடாமல், ஒன்றும் கிடைக்காமல், அடுத்த நாள் அதே வீட்டில் அதே மேசையில் சாப்பிட உட்காரட்டும். குழம்பை யார் யாருக்கு ஊற்றுகிறார்கள் என்பதை மட்டும் காட்டுங்கள்.

பெயர் போட வேண்டாம் என்ற ஒருவர்: எனக்கும் அண்ணனுக்கும் காணிப் பிரச்சினை. அதை வைத்தே எழுதலாமா, அவர் கண்டுபிடித்துவிடுவாரா?

எழுதுங்கள். ஊரை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள், சண்டையை அப்படியே வையுங்கள். அண்ணன் பார்த்துச் சிரித்து, 'இப்படியும் ஆட்கள் இருக்கினம்' என்பார். அண்ணிக்குத்தான் உடனே பிடிபடும், அவவைப் பற்றி எழுதியதைக் கொஞ்சம் குறையுங்கள்.