பழைய ஆர் அண்ட் பி பாடல்கள்: எந்த மறுபதிப்பை வாங்குவது?

1940, 50களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடல்களின் மறுபதிப்புகள் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: பியானோ வாசித்துப் பாடும் ஃபேட்ஸ் டொமினோவின் 'தி ஃபேட் மேன்' என்னிடம் மூன்று சிடிக்களில் இருக்கிறது. மூன்றும் மூன்று விதமாகக் கேட்கிறதே?

பதில்: கேட்கத்தான் செய்யும். 1949 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸில், கோசிமோ மட்டாஸாவின் சின்ன ஸ்டூடியோவில் பதிவான பாட்டு அது. டேப் கிடையாது, வாசிக்க வாசிக்க நேராகத் தட்டில் வெட்டினார்கள். பிறகு வந்தவர்களில் யார் எந்தத் தட்டிலிருந்து எடுத்தார்கள், எந்த முள்ளை வைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அந்தக் காலத் தட்டுக்கு, பின்னால் வந்த எல்பி தட்டின் முள்ளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பருமனான முள் வேண்டும். மெல்லிய முள்ளை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து, அங்கே கிடக்கும் தூசியை வாசிக்கும். உங்கள் மூன்றில் பியானோவின் இடது கை எதில் கனமாக விழுகிறதோ, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரைச்சலே இல்லாத பதிப்புதானே நல்லது?

பதில்: இல்லை. இந்த ஒரு நம்பிக்கையால்தான் நல்ல பதிவுகள் பல கெட்டன. 'உஸ்' என்ற டேப் சத்தமும், சிம்பலின் மினுமினுப்பும், பாடகர் மூச்சு இழுப்பதும் பெரும்பாலும் ஒரே உயர் அலைவரிசையில் இருக்கின்றன. ஒன்றை வழித்து எடுத்தால் மற்றதும் கூடவே போகும். நானும் ஏமாந்தவன்தான். மலிவாகக் கிடைத்ததே என்று நாலு சிடி பெட்டி ஒன்றை வாங்கினேன். சாக்ஸபோன் போர்வைக்குள்ளிருந்து ஊதுகிறது, சிம்பல் தண்ணீருக்குள் குமிழி விடுகிறது!

ஒரு சோதனை சொல்கிறேன். ஹெட்ஃபோன் போட்டுப் பாட்டின் கடைசி ஐந்து விநாடியை மட்டும் கேளுங்கள். கடைசிச் சுரம் தானாகத் தேய்ந்து அடங்க வேண்டும். கத்தரித்த மாதிரி சட்டென்று மௌனமானால் அதிகமாகக் கை வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஐரோப்பாவிலிருந்து இத்தனை மலிவுப் பெட்டிகள் எப்படி வருகின்றன?

பதில்: 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு அங்கே காப்புரிமை முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் மாஸ்டர் டேப், அதாவது மூலப் பதிவு நாடா, அவர்கள் கையில் இல்லையே! அடுத்தவர் சிடியை நகலெடுத்து, மேலே கொஞ்சம் 'சுத்தம்' செய்வதும் நடக்கிறது. ஜெர்மனியின் பேர் ஃபேமிலி, லண்டனின் ஏஸ் போன்ற மறுபதிப்பு நிறுவனத்தார் மூலத்தைத் தேடிப் போகிறவர்கள். விலை கூடுதல்தான், கொடுக்கலாம்.

கேள்வி: 1953 பாட்டு, உறையில் 'ஸ்டீரியோ' என்கிறது. நம்பலாமா?

பதில்: வேண்டாம். 60களில் ஒரே தடத்தில் பதிவான மோனோவைப் பிரித்து, ஒரு பக்கம் பாஸ், மறுபக்கம் ட்ரெபிள், மேலே எதிரொலி என்று செய்த ஒப்பனையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மோனோ பதிப்பையே தேடுங்கள். 50களின் கடைசி என்றால் கதை வேறு. அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தில் ஒலிப்பதிவாளர் டாம் டௌட் 1958லேயே எட்டு டிராக் இயந்திரம், அதாவது எட்டுத் தடங்களில் தனித்தனியாகப் பதியும் இயந்திரம், வைத்திருந்தார். ரே சார்ல்ஸின் 'வாட்'ட் ஐ சே' (1959) உண்மையான ஸ்டீரியோவிலேயே கிடைக்கிறது.

கேள்வி: காத்திருந்தால் இன்னும் நல்ல பதிப்பு வருமா?

பதில்: எல்லாவற்றுக்கும் வராது. 1978இல் நியூ ஜெர்சி கிடங்குத் தீயில் அட்லாண்டிக்கின் டேப்கள் ஆயிரக்கணக்கில் எரிந்தன. வெளிவராத பாடல்களும், அதே பாட்டை வேறு முறை பாடிப் பதிந்த மாற்று டேக்குகளும்தான் அதில் அதிகம். 2008இல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் நிறுவனத்தின் ஒலிநாடாக் கிடங்கும் எரிந்தது. மூலம் போன பாட்டுக்கு நல்ல நிலையில் உள்ள பழைய தட்டுதான் இனி மாஸ்டர்.

கேள்வி: எல்பியா, சிடியா?

பதில்: எதுவானாலும் சரி. புது எல்பிக்களில் பலவும் டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டியவைதான். உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் மூல டேப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.