ஆறு வாரம் எழுதாவிட்டால் வருமானம் என்ன ஆகும்?

கேள்வி: எனக்கு 41 வயது. ஈரோட்டில் இருக்கிறேன். தனியார் பள்ளி ஆசிரியை வேலையை மூன்று வருடங்களுக்கு முன் விட்டுவிட்டு, முழுநேரமாகக் குடும்ப நாவல்கள் எழுதி நானே அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் வெளியிடுகிறேன். இதுவரை 31 நாவல்கள். மாதம் ஒன்று ரிலீஸ் ஆகிவிடும். ஒரு மாதம் 19,000 வரும், ஒரு மாதம் 44,000 வரும்; சராசரி 30,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் பழைய நாவல்களில் இருந்து வருகிறது. ஆறு மாதமாக வலது கை மரத்துப்போகிறது. மணிக்கட்டில் நரம்பு அழுத்தம், ஆறு வாரம் டைப் செய்யவே கூடாது என்கிறார் டாக்டர். அதே பரிசோதனையில் சர்க்கரையும் தெரிந்தது. மருத்துவக் காப்பீடு இல்லை. எஃப்.டி. 2 லட்சம், நகைக்கடன் 80,000. கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். வீட்டுச் செலவு ஆளுக்குப் பாதி. ஒரு மாதம் ரிலீஸ் இல்லை என்றாலே வாசகர்கள் வேறு பக்கம் போய்விடுவார்களோ என்று பயம். ஜூன் நாவல் முக்கால்வாசி முடிந்துவிட்டது. அதை மட்டும் முடித்துவிட்டு ஓய்வெடுக்கட்டுமா? எஃப்.டி.யை உடைக்க வேண்டி வருமா?

பதில்: முடிக்க வேண்டாம். இன்றே நிறுத்துங்கள். எஃப்.டி.யை இப்போது தொடவும் வேண்டாம்.

கை பற்றிச் சொல்ல நான் டாக்டர் இல்லை. பணம் பற்றித்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டுச் செலவுக்கான பணத்தில் பாதி அந்த ஒரு மணிக்கட்டில் இருந்து வருகிறது. இந்த நோயை அப்படியே விட்டால் கட்டைவிரல் அடித்தசை மெலிந்துபோகும், அப்புறம் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். சர்க்கரை இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஒரு நாவலின் கால்வாசிக்காக அதைப் பணயம் வைக்கக் கூடாது.

என் அம்மா தையல்காரர். ஒரு தீபாவளி சமயம் கழுத்து வலியோடு, ‘இந்த ஆர்டரை மட்டும் முடிச்சிடறேன்’ என்று ராத்திரி பகலாக மிஷின் மிதித்தார். அதன்பின் ஒரு வருடம் மிஷினில் உட்காரவே முடியவில்லை. உங்கள் கடிதத்தில் ‘அதை மட்டும்’ என்ற சொல்லைப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். கிண்டில் வருமானம், அது சேர்ந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் கைக்கு வருகிறது. ஏப்ரலில் வாசிக்கப்பட்ட பக்கங்களுக்கான பணம் ஜூன் கடைசியில் வரும். மே மாதப் பணம் ஜூலை கடைசியில். அதாவது நீங்கள் ஓய்வெடுக்கும் ஆறு வாரத்துக்கான பணத்தை ஏற்கெனவே சம்பாதித்துவிட்டீர்கள். ஓய்வின் விளைவு தெரியப்போவது ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதக் கடைசிகளில்தான். கை சரியாகி நீங்கள் மறுபடி முழு வேகத்தில் எழுதும்போது கணக்கில் பணம் குறையும். அந்தச் சமயத்தில் பயந்துபோய் இரட்டை வேகத்தில் எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். நான் பார்த்தவரை சொந்தமாக வெளியிடும் எழுத்தாளர்கள் இரண்டாம் முறை படுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

எவ்வளவு குறையும்? பாதிக்கு மேல் பழைய நாவல்களில் இருந்து வருகிறது என்கிறீர்கள். அப்படியானால் புதிய ரிலீஸின் பங்கு மாதம் 13,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதமும் அது சுத்தமாக நின்றாலும் 39,000 ரூபாய். மே ரிலீஸ் ஜூனிலும் வாசிக்கப்படும் என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆக, இந்த ஓய்வின் விலை அதிகபட்சம் 40,000. இப்போதிருந்தே வரும் பணத்தில் மாதம் 5,000 ஒதுக்கி வைத்து, கணவரிடமும் பேசி அந்த மூன்று மாதம் கொஞ்சம் கூடுதலாகத் தரச் சொன்னால் பெரும்பகுதி அடைபடும். மிச்சத்துக்கு எஃப்.டி.யை உடைக்காமல், அதன் மீதே அதே வங்கியில் கடன் வாங்கிக்கொள்ளலாம். வட்டி எஃப்.டி. வட்டியைவிடச் சற்றுத்தான் கூடும்.

நகைக்கடன் வட்டி எஃப்.டி. வட்டியைவிட அதிகம். வேறு நேரமாக இருந்தால் எஃப்.டி.யை உடைத்துக் கடனை அடையுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் காப்பீடு இல்லாத வீட்டில், சிகிச்சை நடுவில் இருக்கும்போது, உடனே எடுக்க முடிகிற பணம் முக்கியம். நகைக்கடனுக்கு இப்போதைக்கு வட்டியை மட்டும் தவறாமல் கட்டுங்கள். கை சரியானதும் அடைக்கலாம்.

ஓய்வு நாட்களில் கைச்செலவுக்காகப் பழைய நாவல்களை வேறு செயலியில் போடலாம் என்று தோன்றும். கவனம். கிண்டில் அன்லிமிடெட்டில், அதாவது வாசகர்கள் மாதச் சந்தா கட்டிப் படிக்கும் திட்டத்தில் இருக்கும் நாவலின் மின்வடிவத்தை வேறு எங்கும் வைக்கக் கூடாது. அந்த ஒப்பந்தம் 90 நாள், நாம் நிறுத்தாவிட்டால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். மீறினால் மொத்தக் கணக்குக்கே ஆபத்து. அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை கிடையாது. 31 நாவல்களில் நன்றாக ஓடியவற்றின் அச்சு உரிமையை ஒரு பதிப்பகத்துக்குக் கொடுக்க முடியுமா என்று போனில் பேசிப் பாருங்கள். அதற்கு டைப் செய்ய வேண்டியதில்லை.

காப்பீடு உடனே எடுங்கள். ஆனால் அது இந்தக் கைக்கோ சர்க்கரைக்கோ இப்போது உதவாது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை இருக்கலாம். 2024இல் நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். இன்று எடுத்தால்தான் அந்த மூன்று வருடம் இன்று தொடங்கும். குடும்பத்துக்கே சேர்த்து 5 லட்சத்துக்காவது எடுங்கள். தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை, முன்பு 18 சதவீதம் கட்டினோம். விண்ணப்பத்தில் கை, சர்க்கரை இரண்டையும் எழுதிவிடுங்கள். ஏஜென்ட் ‘போட வேண்டாம்’ என்று சொன்னாலும் கேட்காதீர்கள். மறைத்தால் கிளெய்மின்போது மாட்டிக்கொள்வோம். கூடவே வங்கியில் வருடம் 20 ரூபாய்க்குப் பிரதமரின் விபத்துக் காப்பீடு. விபத்தில் ஒரு கையின் பயன்பாட்டை நிரந்தரமாக இழந்தால் ஒரு லட்சம் தருவார்கள். சிறிய தொகைதான், இருந்தாலும் எழுதுகிறவர் விடக் கூடாதது. சர்க்கரை மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இனி, கை சரியானபின் என்ன செய்வது? வருடத்துக்கு 12 நாவல் என்பதை 9 ஆக்குங்கள். ஒரு ரிலீஸுக்கு 13,000 என்றால் மூன்று குறைவதால் வருடத்துக்கு 39,000, மாதத்துக்கு 3,250 ரூபாய் போகும். பள்ளியில் இருந்தபோது ஞாயிறும் காலாண்டு விடுமுறையும் காய்ச்சல் லீவும் இருந்தன அல்லவா? இப்போது அவற்றுக்கு முதலாளியும் நீங்கள்தான். அந்த 3,250தான் நீங்கள் உங்களுக்குத் தரும் விடுப்புச் சம்பளம்.

கிண்டில் பணத்தைத் தனிக் கணக்கில் வரவிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி 22,000 மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். 44,000 வந்த மாதமும் அதே 22,000. மீதி அங்கேயே சேரட்டும். காப்பீட்டுப் பிரீமியம், பிசியோதெரபி, நல்ல நாற்காலி எல்லாம் அதிலிருந்துதான். மூன்று மாதச் சம்பளம், அதாவது 66,000 சேரும்வரை வேறு முதலீடு எதுவும் வேண்டாம். வருமான வரி உங்களுக்கு வராது. புதிய முறையில் 12 லட்சம் வரை வரியில்லை. இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். நாளைக்கு வங்கிக் கடனுக்குப் போனால் வருமானச் சான்று கேட்பார்கள்.

வாசகர்கள் போய்விடுவார்களா? சிலர் போவார்கள். 31 நாவல்களைத் தேடிப் படித்தவர்கள் ஆறு வாரத்தில் உங்களை மறந்துவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. வாசகர் குழுவில் இன்றே ஒரு குரல் பதிவு போடுங்கள்: கைக்கு ஓய்வு, அடுத்த நாவல் ஆகஸ்டில். தேதி சொல்ல வேண்டாம். ஆறாம் வாரம் டாக்டரைப் பார்த்தபின், அவர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் டைப் செய்யலாம் என்கிறாரோ அதை வைத்துத் தேதி குறியுங்கள். கூகுள் டாக்ஸில் தமிழில் பேசினாலே எழுதிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. முதல் வரைவுக்கு அதைப் பழக்கிக்கொள்ளலாம், ஆனால் அதையும் ஆறாம் வாரத்துக்குப் பிறகு.