சிவப்பணுவில் உட்கருவே இல்லையே, ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. எப்படி எடுக்கிறார்கள்?

சந்தேகம் சரிதான், டி.என்.ஏ. வருவது வெள்ளையணுக்களிலிருந்து. முதிர்ந்த சிவப்பணுவில் டி.என்.ஏ. இருக்கும் உட்கருவும் கிடையாது, கொஞ்சம் டி.என்.ஏ. வைத்திருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) கிடையாது. ஆனால் தொடக்கத்திலேயே அப்படி இல்லை. எலும்பு மஜ்ஜையில் வளரும்போது அதற்கும் உட்கரு உண்டு. ஹீமோகுளோபின் சேரச் சேர உட்கரு சுருங்கி, கடைசியில் அப்படியே வெளியே தள்ளப்படும். பக்கத்தில் இருக்கும் மேக்ரோபேஜ் செல் அதை விழுங்கிவிடும். அப்புறம் சிவப்பணுவுக்குத் தன்னைப் பழுதுபார்க்க வழியில்லை, சுமார் 120 நாளில் ஆயுள் முடிந்துவிடும்.

ஒரு மைக்ரோலிட்டர் (மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 50 லட்சம். வெள்ளையணுக்கள் 4,000 முதல் 11,000 வரைதான். இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு மில்லிலிட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், குறைந்தது 40 லட்சம்! ஆய்வகத்தில் முதலில் சிவப்பணுக்களை உடைத்துக் கழுவிவிட்டு, அடியில் தங்கும் வெள்ளையணுக்களின் சவ்வை டிடர்ஜென்ட்டால் கரைப்பார்கள். குளிர்ந்த ஆல்கஹால் சேர்த்ததும் டி.என்.ஏ. வெள்ளை நூல்போலத் திரண்டு வரும்.

இன்னொன்று: 'சிவப்பணுவில் உட்கரு இல்லை' என்பது பாலூட்டிகளுக்குத்தான் பொருந்தும். பறவை, தவளை, மீன் எல்லாவற்றுக்கும் பொதுவாக உட்கரு உண்டு. அதனால் டி.என்.ஏ. எடுக்கப் பறவையின் ஒரு சொட்டு ரத்தமே தாராளம்.